மூன்று நாற்பதுக்கு இழுத்த கை

பேய்க் கதை சொல்கிறவர்கள் எல்லாரும் அமாவாசை, நடுச்சாமம், நாய் ஊளை என்றுதான் ஆரம்பிப்பார்கள். இதில் அந்த மூன்றும் இல்லை. இது பட்டப்பகலில் நடந்தது. நேரம்கூடச் சரியாகத் தெரியும். பிற்பகல் மூன்று நாற்பது.

நடந்தது ஊர்மிளாவுக்கு. அவளைத் தெரிந்த யாரும் அவளைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்ல மாட்டார்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மின்னியல் படித்தவள். ஆடித் திருவிழாவில் சாமியாடியின் மணிக்கட்டைப் பிடித்து நாடித் துடிப்பை எண்ணி, அம்மாவிடம் அறை வாங்கியவள். அப்படிப்பட்டவள் தன் வாயால் சொன்னது இது. இதில் கூட்டல் குறைத்தல் எதுவும் இல்லை. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம், அவளும் யாரையும் வற்புறுத்துவதில்லை.

2005ஆம் ஆண்டு ஜூன் மாதம். ஊர்மிளா ஒரு கருவி செய்துகொண்டிருந்தாள். முழங்கையில் கட்டும் இரண்டு பட்டைகள். ஒன்று அனுப்பும் பட்டை, மற்றது வாங்கும் பட்டை. அனுப்பும் பட்டையைக் கட்டியவர் விரலை மடக்கினால், அவர் தசையில் எழும் மின் அலையை அது பிடிக்கும். வயர் வழியாக அது வாங்கும் பட்டைக்குப் போகும். அந்தப் பட்டையில் தோலோடு ஒட்டும் பேட்கள் மெல்லிய மின்துடிப்பைத் தோலுக்குள் அனுப்பும். உடனே இந்தக் கையின் விரலும் தானாக மடங்கும். ஒருவர் அசைக்க இன்னொருவர் கை அசையும். வாதம் வந்து விழுந்த கைகளுக்குப் பயிற்சி கொடுக்கலாம் என்பது அவள் கனவு.

அடுத்த திங்கட்கிழமை கண்டியில் மூன்று பேர் கொண்ட குழு அதைப் பார்க்கப் போகிறது. பிடித்திருந்தால் ஜப்பானில் மேற்படிப்புக்கு ஓர் இடம். ஒரே ஓர் இடம். முதல் பெயர் ஊர்மிளா. அவள் தவறினால் அடுத்த பெயர் சிவரூபன்.

சிவரூபன் யாழ்ப்பாணத்துப் பையன். அவளோடு படித்தவன், சாலிடர் பிடிப்பதில் அவனை அடிக்க ஆள் இல்லை. வேலைநிறுத்தத்தால் ஆய்வுகூடம் பூட்டிக் கிடந்தது. அதனால் அவளுக்கு உதவி செய்யப் பக்கத்து ஊரான நோர்வூட்டில் தெரிந்த ஆசிரியர் வீட்டில் தங்கி, தினமும் பஸ் ஏறி வந்தான். நல்ல பிள்ளைதான். ஆனாலும் அந்த இரண்டாவது பெயர் ஊர்மிளாவின் மனதில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

ஊர்மிளாவின் வீடு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்று; அந்த ஒற்றைக் காம்பராவில் இடம் போதாது. காவல்காரர் மூக்கனிடம் கேட்டாள். பத்து வருடத்துக்கு முன் வேறு தோட்டத்திலிருந்து வந்தவர் அவர். பழைய பிள்ளை மடுவத்தின் சாவியைக் கொடுத்தார். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போகிற இடமாக ஒரு காலத்தில் இருந்தது. பின்னால் உள்ள மண்மேடு ஒருமுறை சரிந்ததாம். அதற்குப் பிறகு உரமூட்டை அடுக்கினார்கள், பிறகு அதுவும் இல்லை. ஊர்மிளாவுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பெரிய கூடம் ஒன்று. அதை ஒட்டிப் பால் காய்ச்சும் சிறிய அறை. நடுவில் ஒரு கதவு. கூடத்து உத்தரத்தில் வரிசையாக ஒன்பது இரும்புக் கொக்கிகள், தொட்டில் கட்டுவதற்கு.

சிவரூபன் கூடத்தில் அனுப்பும் பட்டையோடு உட்காருவான். ஊர்மிளா சிறிய அறையில் வாங்கும் பட்டையோடு உட்காருவாள். வயர் கதவுக்கு அடியில் போகும். ஒருவரை ஒருவர் பார்க்காமல் செய்தால்தான் சோதனை சரி. இடையில் ஒரு பதிவுப் பெட்டி, மோட்டார் சைக்கிள் பற்றரியில் ஓடுவது. என்ன அலை எத்தனை மணிக்கு வந்தது என்று எல்லாம் அதில் ஏறிவிடும்.

அனுப்புகிறவரின் கை களைக்கக் கூடாது. அதற்காக அம்மாவின் பழைய சேலையை எடுத்து, நடுக் கொக்கியில் தூளி போலக் கட்டினாள். சிவரூபன் முழங்கையை அதில் தாங்கி வைத்துக்கொண்டான்.

அங்கேதான் பிழை நடந்தது. ஆனால் அன்று அது பிழை என்று அவளுக்குத் தெரியாது.

வியாழன், 3.40. வெளியே மூடுபனி. ஜன்னலுக்கு அப்பால் தேயிலையே தெரியவில்லை.

பத்துத் தடவை விரலை மூடி விரிக்க வேண்டும், அவ்வளவுதான் ஏற்பாடு. ஊர்மிளா கையை மேசையில் வைத்துக் காத்திருந்தாள். விரல் மடங்கியது. சரி. ஆனால் விரியவில்லை. எதையோ பிடித்துக்கொண்டது போல அப்படியே இருந்தது. பிறகு முழுக் கையும் மெதுவாக அவள் நெஞ்சை நோக்கி வந்தது. விட்டது. மறுபடி வந்தது. விட்டது. இரண்டு விநாடிக்கு ஒரு தடவை.

"சிவா! விரலை மூடி விரிக்கச் சொன்னா என்ன பண்றீங்க?"

கதவுக்கு அப்பாலிருந்து பதில் வந்தது.

"நான் இன்னும் தொடங்கவே இல்லையே."

ஊர்மிளா தன் கையைப் பார்த்தாள். பேட்கள் முழங்கைக்குக் கீழே மட்டும்தான் ஒட்டியிருந்தன. விரல் மடங்கலாம், மணிக்கட்டு வளையலாம். தோள் எப்படி இழுக்கிறது?

நான்கு நிமிடம் கழித்து நின்றது. சிவரூபன் பையைத் தூக்கிக்கொண்டு போகும்போது அந்தப் பையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். இரண்டாவது கருவி ஒன்று அதற்குள் தாராளமாக அடங்கும்.

அன்று மாலை அவளுடைய அம்மா அங்கம்மா, கொழுந்து பறித்து மலையிலிருந்து வந்து இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பழைய சேல எங்க?"

"பழைய மடுவத்துல கட்டியிருக்கேன்மா. அங்கதான் வேல பாக்குறோம்."

அம்மா அப்படியே நின்றாள்.

"கட்டியிருக்கியா? கொக்கியிலயா?"

"ஆமா. கைக்குத் தாங்கல்."

"வெறுந் தொட்டிய ஆட்டாத, ஊர்மி."

"தொட்டி இல்லம்மா அது…"

"ஆட்டாதன்னா ஆட்டாத. அங்க வேணாம். கூரை சரியில்ல."

கூரை நன்றாகத்தான் இருந்தது. வெறும் தொட்டிலை ஆட்டினால் பிள்ளைக்கு ஆகாது என்று எல்லா வீட்டிலும் சொல்வதுதான். அம்மா இதற்கெல்லாம் முகம் வெளுக்கிறவள் இல்லை. ஆனால் அன்று சாப்பிடாமல் படுத்தாள். இதுவும் ஊர்மிளாவுக்குச் சந்தேகமாக இருந்தது. அம்மா எதையோ மறைக்கிறாள், சிவரூபன் எதையோ செய்கிறான், நடுவில் தன் இடம் போகப் போகிறது என்று நினைத்தாள்.

வெள்ளி, 3.40.

கை இழுத்தது. நெஞ்சுக்கு வந்தது. விட்டது.

இன்றைக்கு ஒரு சத்தமும் சேர்ந்து வந்தது. க்ரீச்… க்ரீச்… கூடத்துக் கொக்கி.

ஊர்மிளா வயர் இழுபடாமல் எழுந்து, சத்தமில்லாமல் கதவைத் திறந்தாள். சிவரூபன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். பட்டை கட்டிய கை அவன் மடியில் இருந்தது. தூளிச் சேலை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"யார் ஆட்டினது?"

"காத்தாக்கும்."

ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது.

"இடம் உங்களுக்கு வேணும்னா நேரா கேளுங்க சிவா. இப்பிடித் திருட்டுத்தனமா என் கருவியக் கெடுக்காதீங்க."

அவன் முகம் சுருங்கிப் போயிற்று.

"நீர் என்னை என்னெண்டு நினைச்சீர்? உம்மட இடம் எனக்கு வேண்டாம். நான் போறன்."

பட்டையைக் கழற்றித் தூளிக்குள் போட்டான். பையை எடுத்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான், சொல்லவில்லை. நேரம் 3.52. அவன் செருப்புச் சத்தம் படியிறங்கிப் போவதை அவள் கடைசிவரை கேட்டாள்.

சனிக்கிழமை தனியாக வந்தாள். திங்கள் வருவதற்குள் ஒரு நல்ல பதிவாவது வேண்டும். முதலில் வெறும் பட்டையைச் சோதிப்போம் என்று நினைத்தாள். யார் கையிலும் இல்லாத பட்டை எந்த அலையையும் அனுப்பாது. பதிவில் நேர்கோடு வர வேண்டும். வந்தால் கருவி நன்றாக இருக்கிறது, கோளாறு சிவரூபனிடம் என்று நிச்சயமாகிவிடும்.

அனுப்பும் பட்டை அவன் போட்டபடியே தூளிக்குள் கிடந்தது. அவள் அதைத் தொடவில்லை. கூடத்து வாசலை உள்ளே தாழ் போட்டாள். சிறிய அறைக்கு வந்து வாங்கும் பட்டையைக் கட்டினாள். பதிவுப் பெட்டியை 3.31க்குப் போட்டாள்.

நேர்கோடு.

3.35. நேர்கோடு.

3.39. நேர்கோடு. அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

3.40.

விரல்கள் மடங்கின.

க்ரீச்…

கை நெஞ்சுக்கு வந்தது. விட்டது. க்ரீச்… வந்தது. விட்டது.

சிவரூபன் உள்ளே வந்துவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தாள். அவன் அங்கே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள் என்பதே சரி. இடது கையால் கதவைத் தள்ளினாள்.

யாரும் இல்லை. தாழ் போட்டபடி இருந்தது.

தூளி ஆடிக்கொண்டிருந்தது. காற்றில் ஆடும் துணி போல அல்ல. அடி கனத்து, தொங்கி, உள்ளே ஒன்று படுத்திருப்பது போல.

திடீரென்று அவள் கை இழுப்பதை நிறுத்தியது.

விரல்கள் விரிந்தன. காற்றில் தடவின. இந்தப் பக்கம். அந்தப் பக்கம். மெத்து மெத்தென்று தட்டின. எதையோ தேடின.

கிடைக்கவில்லை.

மறுபடி தடவின. வேகமாக. இன்னும் வேகமாக…

இடது கையால் வாங்கும் பட்டையின் சுவிட்சை அணைத்தாள்.

கை நிற்கவில்லை.

ஒரு தடவை.

இரண்டு…

மூன்று…

பேட்களைப் பிய்த்து எறிந்தாள். கை கீழே விழுந்தது. நேரம் 3.47.

டொக், டொக், டொக்.

வாசல் கதவு!

"ஏம் புள்ள, உள்ள யாரு தொட்டி ஆட்டுறது? கொக்கி சத்தம் ரோட்டு வரைக்கும் கேக்குது."

மூக்கன். ஓடிப்போய்த் தாழைத் திறந்தாள்.

"சிவா… சிவா வந்தாரா?"

"அந்தத் தம்பியா? காலையிலயே நோர்வூட்டுல அட்டன் பஸ்ஸுல ஏறிட்டாரே. நாந்தான் பையத் தூக்கிக் குடுத்தேன்."

ஊர்மிளா எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மூக்கனைத் துணைக்கு வைத்துக்கொண்டுதான் கருவிகளை எடுத்தாள். பற்றரி தீர்ந்து பெட்டி நின்றிருந்தது. சேலையை அவிழ்க்க மனம் வரவில்லை.

திங்களன்று கண்டி மண்டபத்தில் சிவரூபனும் இருந்தான். குழுவில் இருந்த பேராசிரியர் பாலச்சந்திரன் அவனைக் கூப்பிட்டிருந்தார். அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளாகப் போய் மன்னிப்புக் கேட்டாள்.

"நான் அண்டைக்கே சொல்ல நினைச்சனான்," என்றான் மெதுவாக. "சொன்னா நீர் சிரிப்பீர். நான் கையை மடியில வைக்கேல்லை, ஊர்மிளா. ஏணைச் சேலைக்குள்ளதான் வைச்சிருந்தனான். ஆரோ எடுத்து வெளியில விட்டவை."

பேராசிரியர் சனிக்கிழமைப் பதிவைத் திரையில் போட்டார். ஊர்மிளா வேண்டாம் என்று சொல்வதற்குள் போட்டுவிட்டார். குழுவில் ஜப்பானிலிருந்து வந்திருந்தவர் நாற்காலியை இழுத்து முன்னால் வந்து உட்கார்ந்தார். இவ்வளவு சுத்தமான அலையைத் தான் பார்த்ததில்லை என்றார்.

"மூண்டேகால் மணித்தியாலம்," என்றார் பேராசிரியர். "ஆரின்ட கை இது, பிள்ளை? பாரும், நேரம் போகப் போக அலை மெதுவாகுது. தசை களைச்சால்தான் இப்பிடி வரும். மெஷின் களைக்காது. இந்த மனுசருக்கு ஓய்வு குடுக்கேல்லையா நீர்?"

மூன்றேகால் மணித்தியாலம். அவள் அந்த அறையில் இருந்தது வெறும் பதினாறு நிமிடம்.

அலை 6.55க்கு மெலிந்து மெலிந்து நின்றிருந்தது.

குழுவுக்குப் பரம திருப்தி. ஒரே ஒரு குறை. பங்குகொண்டவரின் பெயர் எழுதும் இடம் படிவத்தில் வெறுமையாக இருந்தது. புதன்கிழமைக்குள் பெயரும் கையெழுத்தும் வேண்டும், இல்லாவிட்டால் பதிவு செல்லாது என்றார்கள். பதிவு செல்லாவிட்டால் இடமும் இல்லை. கருவிகளைப் பேராசிரியர் தன் அலுமாரியில் வைத்துப் பூட்டினார். வாங்கும் பட்டை மட்டும் ஊர்மிளாவின் கைப்பையில் இருந்தது.

சிவரூபனின் பெயரை எழுதினால் போதும். ஒரு நிமிட வேலை. அவனிடமே கேட்டாள்.

"அது என்ட கை இல்லை. என்ட பேரைப் போடாதேயும்," என்றான்.

இரவு வீட்டுக்கு வந்ததும் அம்மாவின் முன்னால் உட்கார்ந்தாள். கையை மட்டும் தூக்கினாள். பிடித்து, நெஞ்சுக்கு இழுத்து, விட்டுக் காட்டினாள். பிறகு தடவிக் காட்டினாள்.

அம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ராக்காயி," என்றாள்.

இருபத்தைந்து வருடமாக அந்தப் பெயரை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை.

ராக்காயி மடுவத்து ஆயம்மா. ஒன்பது தொட்டிலையும் ஒரே கயிற்றில் சேர்த்து, நுனியை வலது கையில் பிடித்து இழுப்பாள். இடது மணிக்கட்டில் இன்னொரு நூல். காலையில் பிள்ளையை விடும்போது பிள்ளைக்கு ஒரு முடிச்சுப் போடுவாள். மாலையில் எடுக்கும்போது தாய் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், "எடுத்துட்டேன் ஆயம்மா" என்று. சொன்னால்தான் முடிச்சை அவிழ்ப்பாள். எழுத்துத் தெரியாதவளுக்கு அதுதான் இடாப்பு, வரவுப் பதிவேடு.

"அன்னைக்குப் பேய் மழ. கங்காணி வேல விடுறதுக்கு முன்னாடியே ஓடியாந்துட்டேன். மேட்டுல தண்ணி ஊறுது. ஆயம்மா முன்பக்கம் மத்த புள்ளைங்களத் தூக்கி வெளிய குடுத்துக்கிட்டு இருந்தா. நான் பின்கதவால வந்து உன்னய அள்ளிக்கிட்டுப் போயிட்டேன். எட்டு மாசப் புள்ள நீ."

"சொல்லலியா?"

"சொல்லல. கங்காணி கண்ணுல படக் கூடாதுன்னு சொல்லாமப் போயிட்டேன்."

அம்மா ஊர்மிளாவின் இடது மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினாள்.

"ரோட்டுல நின்னு முடிச்ச எண்ணிப் பாத்தாளாம். ஒன்னு மிச்சம். 'ஒரு புள்ள உள்ள இருக்கு'ன்னு ஓடினாளாம். மேடு சரிஞ்சப்ப மூனே முக்கால்கூட ஆகல."

"எப்ப எடுத்தாங்க?"

"ஏழு மணிக்கு. ஒடம்பு சூடு ஆறல. கை மட்டும் ஒன் தொட்டிக்குள்ள கெடந்துச்சு."

அம்மா அழவில்லை. அழுது முடித்தவளைப் போல இருந்தாள். ஊர்மிளாதான் அழுதாள். ஒரு கை மூன்றேகால் மணித்தியாலம் மண்ணுக்குள் அவளைத் தேடியிருக்கிறது. அவளோ அந்த நேரம் லயத்தில் அம்மாவின் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

செவ்வாய், 3.30. இரண்டு பேரும் மடுவத்துக்குப் போனார்கள். அம்மா வாசலில் நின்றுவிட்டாள்.

ஊர்மிளா வாங்கும் பட்டையைக் கட்டிக்கொண்டாள். அம்மா சொல்லப்போவது ஆயம்மாவுக்குக் கேட்கிறதா என்று வேறு எப்படித் தெரியும்? வயரின் மறுமுனை வெறும் தரையில் கிடந்தது.

3.40.

க்ரீச்…

கை இழுத்தது.

அம்மா படியேறி உள்ளே வந்தாள். தூளியைப் பார்த்துச் சொன்னாள்.

"எடுத்துட்டேன் ஆயம்மா… எம் புள்ளய நான் எடுத்துட்டேன்…"

கை நின்றது.

தூளி நின்றது.

பிறகு ஊர்மிளாவின் வலது கை மெதுவாக அவளுடைய இடது மணிக்கட்டுக்குப் போனது. சுண்டு விரலால் எதையோ நெம்பியது. கட்டை விரலால் இழுத்தது. அங்கே ஒன்றும் இல்லை. ஆனாலும் ஒரு முடிச்சு தளர்வதை அவள் தோல் உணர்ந்தது.

"அவதான்," என்றாள் அம்மா. "அவ சுண்டு வெரல்லதான் அவுப்பா."

3.46. கை மடியில் விழுந்தது.

புதன்கிழமை படிவத்தில் ஊர்மிளா "ராக்காயி, ஆயம்மா" என்று எழுதினாள். கையெழுத்து இடத்தை வெறுமையாக விட்டாள். விளக்கம் கேட்டார்கள். அவள் சொல்லவில்லை. அந்த இடம் சிவரூபனுக்குப் போயிற்று. எதற்குப் பயந்து அவனைத் திருடன் என்றாளோ அதைத் தன் கையாலேயே கொடுத்தாள். வருத்தம் இல்லை என்று சொல்ல முடியாது. இப்போது அட்டனில் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறாள்.

அந்தப் புதன்கிழமை மாலையே பேராசிரியரிடமிருந்து தொலைபேசி வந்தது. கோபமாகப் பேசுவார் என்று நினைத்தாள். அவர் குரல் வேறு மாதிரி இருந்தது.

"பிள்ளை, பூட்டின அலுமாரித் திறப்பு என்னட்ட மட்டும்தான் இருக்கு. பெட்டியில பற்றரியும் இல்லை. ஆனா நேற்றைய திகதியில புதுப் பதிவு ஒண்டு ஏறியிருக்கு. மூண்டு நாப்பதில இருந்து மூண்டு நாப்பத்தாறு வரைக்கும். அதே கைதான்."

ஊர்மிளா தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"ஒரு வித்தியாசம்," என்றார் அவர். "இந்தமுறை அந்தக் கை களைக்கவே இல்லை."